வெளிநாட்டு ரோடு ட்ரிப்: கார் சாவி யார் கையில், கார்டு யார் பையில்?

காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல "மச்சான், இந்த தடவை கோவா வேணாம்டா, வெளிநாடு போலாம்"னு ஒருத்தன் எழுதுவான். நாலு பேர் நெருப்பு எமோஜி போடுவாங்க. அதுக்கப்புறம் ஆறு மாசம் ஒண்ணும் நடக்காது. எங்க பி.காம் செட்டிலும் பத்து வருஷமா இதே கதைதான். போன வருஷம் ஆயுத பூஜை லீவில்தான் நிஜமாவே நடந்துச்சு. ஐந்து பேர், ஐந்து நாள், மலேசியா, வாடகைக் கார்.

எங்கெல்லாம் போனோம்னு சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. அந்தப் பயணத்தில் நான் ஒரு தப்பு பண்ணினேன். ஒப்பந்தங்களைப் படிச்சுச் சொல்றதுக்காகவே காசு வாங்குற ஆள் நான். அப்படிப்பட்டவன் 840 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 28,000 ரூபாய்க்கு மேல் அதிகமா செலவாக்கினேன். அதோட வலி என் மேல விழாம வேற ஒருத்தன் மேல விழுந்துச்சு. அதனால்தான் எழுதுறேன்.

முதலில் ரூட்டும் செலவும் சுருக்கமா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. போறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பணும். அது இலவசம், அதுக்குக் காசு கேட்கிற வெப்சைட்டில் சிக்காதீங்க. கோலாலம்பூர், அங்கிருந்து தாப்பா வழியா கேமரன் ஹைலேண்ட்ஸ், அப்புறம் ஈப்போ, பினாங்கு, திரும்ப கோலாலம்பூர். சுத்தினது எல்லாம் சேர்த்து 900 கிலோமீட்டர் இருக்கும். நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுற நாடு, ரோடும் அருமை. முதல் வெளிநாட்டு டிரைவிங்குக்கு இதைவிட சுலபமான இடம் கிடைக்கிறது கஷ்டம்.

ஓசூர்காரன் ஒரு ஏஜென்ட் மூலமா ஃபிளைட்டும் ஹோட்டலும் சேர்த்து ஐந்து பேருக்கும் 2,20,000 ரூபாய்க்கு புக் பண்ணினான். ஆளுக்கு 44,000. ஏழு சீட் கார் நாலு நாளுக்கு 1,000 ரிங்கிட். பெட்ரோல் 180, டோல் 100 ரிங்கிட்டுக்குள்ள. நாங்க போனப்ப ஒரு ரிங்கிட் சுமார் 21 ரூபாய். அதாவது கார் சம்பந்தப்பட்ட செலவு கார்டு கட்டணத்தோட சேர்த்து மொத்தமே 28,000 ரூபாய், ஆளுக்கு 5,600. சாப்பாட்டுச் செலவு இதைவிட அதிகம். (பினாங்கு நாசி கண்டாருக்குக் கணக்கு பார்க்கக் கூடாது. ஒரு காலத்தில் நம்ம தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடிக் கம்பில் சுமந்து வித்த சாப்பாடு அது.)

பெட்ரோல் பற்றி ஒரு குறிப்பு. நாங்க இறங்கின அதே வாரம்தான் அங்கே மானிய முறை மாறியிருந்துச்சு. மலேசியக் குடிமக்கள் தங்கள் அடையாள அட்டையைக் காட்டி லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குப் போட்டாங்க, அப்போ நமக்கு 2.60. பழைய யூடியூப் வீடியோவில் பார்த்த 2.05-ஐ நம்பி பட்ஜெட் போட்டிருந்தோம். டோல் கேட்டில் ரொக்கம் வாங்கமாட்டாங்க, டச் அண்ட் கோ கார்டில் கட்டலாம். நம்ம ஃபாஸ்டாக் மாதிரி, ஆனா கார்டைக் காட்டித் தட்டணும். எக்ஸ்பிரஸ்வேயில் 110-க்கு மேல போனா கேமரா பிடிக்கும். அந்த அபராதம் நீங்க ஊருக்கு வந்த பிறகுகூட வாடகைக் கம்பெனி வழியா உங்க கார்டுக்கு வரலாம்.

"உங்க கார்டுக்கு"ன்னு சொன்னேன் இல்லையா? விஷயமே அதுலதான் இருக்கு.

கார்டு வச்சிருக்கிறவன்தான் டிரைவர்

வாடகைக் கார் கவுன்டரில் பொதுவா மூணு கேட்பாங்க: லைசென்ஸ், இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், முக்கிய டிரைவர் பேரிலேயே ஒரு கிரெடிட் கார்டு. பெர்மிட்டை நம்ம ஆர்டிஓவில் வாங்கலாம். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கணும், கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். எங்க ஐந்து பேரில் மூணு பேர் எடுத்திருந்தோம்.

சிக்கல் கார்டில்தான். நல்லா வண்டி ஓட்டுறவன் திருச்சிக்காரன். மலைப்பாதையில் இன்னோவா ஓட்டிப் பழகின கை. ஆனா அவனோட கார்டு லிமிட் டெபாசிட்டுக்கே பத்தாது. மதுரைக்காரன் கார்டில் வெளிநாட்டு உபயோகமே ஆன் ஆகலை. (2020-ல் இருந்து புது கார்டுகள் எல்லாம் வெளிநாட்டு உபயோகம் ஆஃப் ஆகித்தான் வரும். ஆப்பில் நாமதான் ஆன் பண்ணி லிமிட் வைக்கணும். ஏர்போர்ட்டில் நின்னு ஓடிபிக்கு சிக்னல் தேடாதீங்க, வீட்டிலேயே பண்ணிடுங்க.) கடைசியில் நீட்டினது என் கார்டு. அதனால முக்கிய டிரைவரும் நானே.

டெபாசிட்டா 1,500 ரிங்கிட், ஏறக்குறைய 31,500 ரூபாயை, என் லிமிட்டில் பிடிச்சு வச்சாங்க. இதைச் செலவுன்னு நினைக்காதீங்க. இது ஹோல்ட், பில்லில் வராது, ஆனா உங்க லிமிட்டில் அந்த அளவு குறைஞ்சிடும். கார் திருப்பிக் கொடுத்த பிறகும் விடுபட சில நாள் ஆகும். ஒரு லட்சம் லிமிட் கார்டை வச்சுக்கிட்டு ஹோட்டல் டெபாசிட், கார் டெபாசிட் ரெண்டையும் கொடுத்துட்டா, மூணாவது நாள் ரெஸ்டாரன்ட்டில் கார்டு டிக்ளைன் ஆகும். சில இடத்தில் ஹோல்டுக்கு பதிலா நேரா சார்ஜ் பண்ணி, பிறகு ரீஃபண்ட் கொடுப்பாங்க. அப்போ போகும்போது ஒரு எக்ஸ்சேஞ்ச் ரேட், திரும்பும்போது வேற ரேட், நடுவில் மார்க்கப். எதுன்னு கவுன்டரிலேயே கேட்டுக்கோங்க.

மார்க்கப்னா என்ன? சாதாரண கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம், அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். ஒரே ஆள் குரூப்புக்காக ஒன்றரை லட்சம் தேய்ச்சா மார்க்கப் மட்டும் 6,195 ரூபாய். பெரும்பாலான குரூப்பில் இந்தக் காசு கணக்கிலேயே வராது. ஏன்னா ஸ்பிளிட் ஆப்பில் கூகுள் காட்டுற ரேட்டைப் போட்டு "உனக்கு இவ்வளவு"ன்னு பிரிச்சிடுறோம். கார்டுக்காரனுக்கு பில் வர்றது அதைவிட அதிகமா. அவன் கேட்க வெட்கப்படுவான். அதனால ஆப்பில் ரிங்கிட்டில் எழுதுங்க, ஆனா செட்டில் பண்றது கார்டு ஸ்டேட்மென்டில் வந்த ரூபாய்க் கணக்கில்தான்னு முதலிலேயே பேசிடுங்க. கூடவே, ஸ்வைப் மெஷின் "ரூபாயிலா ரிங்கிட்டிலா"ன்னு கேட்டா எப்பவும் ரிங்கிட்டைத் தட்டுங்க. ரூபாய் பார்க்கத் தெரிஞ்ச முகமா இருக்கும், ஆனா ரேட்டை அந்தக் கடையோட பேங்க் தன் இஷ்டத்துக்குப் போடும்.

840 ரூபாய்

கவுன்டரில் இன்னொரு கேள்வி கேட்டாங்க. வேற யாராவது ஓட்டுவாங்களா? கூடுதல் டிரைவர் பேரைச் சேர்க்க ஒரு நாளைக்கு 10 ரிங்கிட். நாலு நாளுக்கு 40, அதாவது 840 ரூபாய். நான் திரும்பிப் பார்த்தேன். "நீயே ஓட்டுடா, எதுக்கு வேஸ்ட்டா"ன்னு பின்னாடி இருந்து ஒரு குரல். எல்லாரும் தலையாட்டினாங்க. சேர்க்கலை.

தாப்பாவில் எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்கினா கேமரன் ஹைலேண்ட்ஸுக்கு ஏறுற பழைய ரோடு. ஒடுங்கலா, வளைவுக்கு மேல வளைவு. லத்தா இஸ்கந்தர் அருவிகிட்ட நிறுத்தி டீ குடிச்சோம். ராத்திரி ஃபிளைட்டில் தூங்காத கண்ணு எனக்கு. "கொடுடா நான் ஓட்டுறேன்"னு திருச்சிக்காரன் சாவியை வாங்கினான். உண்மையைச் சொல்லணும்னா, தூக்கக் கலக்கத்தில் நான் ஓட்டியிருந்தாத்தான் ஆபத்து. அவன் மலையெல்லாம் அழகா ஏத்தினான். தானா ராத்தாவில் ஹோட்டல் பார்க்கிங்கில், ரிவர்ஸ் எடுக்கும்போது, இடது பின்கதவு ஒரு தூணில் உரசிடுச்சு. ஒரு கை நீளத்துக்குக் கீறல், நடுவில் லேசா ஒரு டொக்கு.

காருக்கு டேமேஜ் கவர் எடுத்திருந்தோம். அதன்படி எவ்வளவு சேதம் ஆனாலும் நாங்க கட்ட வேண்டியது அதிகபட்சம் 300 ரிங்கிட். ஆனா ஒப்பந்தத்தில் பேர் இருக்கிற டிரைவர் ஓட்டியிருந்தாத்தான். பேர் இல்லாதவன் ஓட்டினா கவரே இல்லை, முழு ரிப்பேரும் நம்ம தலையில். இந்த ஷரத்து ஏறக்குறைய எல்லா நாட்டு வாடகை ஒப்பந்தத்திலும் இருக்கும்.

கடைசி நாள் ஏர்போர்ட்டில் கார் திருப்பிக் கொடுக்கிற இடம். கீறலைப் பார்த்த பையன் ஒரு படிவம் நீட்டினான். யார் ஓட்டினாங்க, எங்கே, எப்போ. "நீதான் ஓட்டினன்னு எழுதிடுடா, 300-ஓட முடியும்"னு கோயம்புத்தூர்காரன் காதுக்குள்ள சொன்னான். பேனா என் கையில். ஒரு நிமிஷம் யோசிச்சேன், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். 1,350 ரிங்கிட் வித்தியாசம், 28,350 ரூபாய். ஆனா அது பொய் இன்சூரன்ஸ் க்ளெய்ம். அதை வேற நாட்டில், என் கையெழுத்தில் போடணும். பார்க்கிங்கில் கேமரா இருந்தது எனக்குத் தெரியும். கேமரா இல்லைன்னாலும் போட்டிருக்க மாட்டேன்னு நம்ப ஆசைப்படுறேன். உள்ளதை எழுதினேன். ரிப்பேர் 1,650 ரிங்கிட். மார்க்கப்போட சேர்த்து என் கார்டு பில்லில் வந்தது 36,081 ரூபாய்.

(விபத்துன்னு ஏதாவது ஆச்சுன்னா மலேசியாவில் 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கணும், க்ளெய்முக்கு அதைக் கேட்பாங்க. சின்னக் கீறல்தானேன்னு நாங்க அதையும் விட்டுட்டோம்.)

ஃபிளைட்டுக்குக் காத்திருக்கும்போது யாரும் அதைப் பற்றிப் பேசலை. சென்னையில் இறங்கினதும் திருச்சிக்காரன், "நான்தானே ஓட்டினேன், நான் கொடுத்திடுறேன்"னான். "சேச்சே"ன்னு ரெண்டு பேர் சொன்னோம். அழுத்திச் சொல்லலை. நான் ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டேன். ஒரே மாசத்தில் மூணு தவணையா 36,081-ம் யுபிஐயில் வந்து சேர்ந்துச்சு. என் பில்லை நான் டியூ டேட்டில் கட்டிட்டேன், கணக்கு முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

டிசம்பரில் அவன் ஒரு பைக் லோன் விஷயமா ஆலோசனை கேட்டு ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பினான். செப்டம்பரில் ஒரு ஆப் லோன், 60,000 ரூபாய். அடுத்த மாசத்தில் இருந்து 5,849 ரூபாய் இஎம்ஐ, 12 மாசம். வருஷத்துக்கு 30 சதவீத வட்டி. ட்ரிப்புக்கு வர அவன் எடுத்த கடன் அது, வட்டி மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். அதுக்கு மேல நாங்க ஒரு 36,000-ஐ அவன் தலையில் வச்சிருந்தோம். எங்க ஐந்து பேரில் சம்பளம் குறைவு அவனுக்குத்தான். குரூப்பில் எல்லாத்துக்கும் முதலில் "ஓகே மச்சான்" போட்டதும் அவன்தான்.

நான் கணக்கை மறுபடி போட்டேன். கூடுதல் டிரைவர் வேண்டாம்னு முடிவெடுத்தது அவன் இல்லை, நாங்க ஐந்து பேரும். மிச்சமான 840-ல் ஆளுக்கு 168 ரூபாய் லாபம் எடுத்துக்கிட்டோம். லாபத்தைப் பிரிச்சவங்க நஷ்டத்தையும் பிரிக்கணும். அவன் ஓட்டினது ஜாலிக்கு இல்லை, நான் தூங்கி வழிஞ்சதால. அப்போ ஆளுக்கு 7,216. மத்த நாலு பேரும் சேர்ந்து அவனுக்குத் திருப்பித் தர வேண்டியது 28,865 ரூபாய். குரூப்பில் ஷீட்டைப் போட்டேன். "நான் பின் சீட்டில் தூங்கிட்டிருந்தேன்டா"ன்னு ஒரு பதில் வந்துச்சு. தூங்கினவனும் அந்தக் காரில்தான் மலை ஏறினான்னு எழுதினேன்.

குடிபோதை, ஸ்பீடு அபராதம், தொலைச்ச பாஸ்போர்ட் மாதிரி ஒருத்தனோட தனிப்பட்ட தப்புக்கு அவனே பொறுப்பு. குரூப்புக்காக ஓட்டும்போது ஆகுற சாதாரண சேதம் பொதுச் செலவு. என் அபிப்ராயம் இதுதான். உங்க குரூப் வேற மாதிரி முடிவெடுக்கலாம், தப்பில்லை. ஆனா கீறல் விழறதுக்கு முன்னாடி எடுங்க. விழுந்த பிறகு பேசினா நல்லவன் அதிகமா கொடுப்பான், அவ்வளவுதான்.

பட்ஜெட்டையும் அப்படித்தான் போடணும். ஐந்து பேர் சராசரியைப் பார்க்காதீங்க, குறைந்த சம்பளக்காரன் கடன் வாங்காம வர முடியுமான்னு பாருங்க. குரூப்பில் பொதுவா கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. தனியா போன் பண்ணிக் கேளுங்க. ஆறு மாசம் முன்னாடியே தேதி முடிவு பண்ணி, மாசம் 10,000 ரூபாய் ஆர்டி போட்டிருந்தா அவனுக்கு அந்த லோனே தேவைப்பட்டிருக்காது. இந்த யோசனையை குரூப்பில் சொல்ல வேண்டியவன் நான்தான், சொல்லலை.

ஓசூர்காரனோட டிசிஎஸ்

இன்னொரு கணக்கும் அந்த ஷீட்டில் ஏறுச்சு. இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை. ஃபிளைட்டும் ஹோட்டலும் சேர்த்து பேக்கேஜா வாங்கினா அது வெளிநாட்டு டூர் பேக்கேஜ். 2025-26-ல் அதுக்கு 10 லட்சம் வரை 5 சதவீதம் டிசிஎஸ். எங்க 2,20,000-க்கு 11,000 ரூபாய். ஆளுக்கு 2,200-ன்னு பிரிச்சு ஓசூர்காரனுக்கு அனுப்பிட்டோம், ஏதோ வரின்னு.

டிசிஎஸ் செலவு இல்லைங்க. பணம் கட்டினவர் பானில் முன்கூட்டியே வரவாகிற வருமான வரி. அந்த 11,000-ம் ஓசூர்காரனோட 26ஏஎஸ்ஸில் உட்கார்ந்திருக்கு. ஐடிஆர் போடும்போது அவன் வரியில் கழியும், இல்லைன்னா ரீஃபண்டா அவன் அக்கவுன்டுக்கு வரும். அது வரை காத்திருக்க வேண்டாம்னா, ஆபீஸில் அதுக்கான படிவத்தைக் கொடுத்து மாசா மாசம் பிடிக்கிற டிடிஎஸ்ஸில் குறைச்சுக்கலாம், 2024 அக்டோபரில் இருந்து இந்த வசதி இருக்கு. புது வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்கி வரியே வராதவங்களுக்கு டிடிஎஸ் பிடிக்கமாட்டாங்க, அவங்க ஐடிஆர் போட்டுத்தான் வாங்கணும். எப்படியா இருந்தாலும் எங்க நாலு பேரோட 8,800 ரூபாய் அவன்கிட்ட இருக்கு. அவன் ஏமாத்தலை, அவனுக்கும் தெரியாது.

வழி ரெண்டு. பேக்கேஜா போனா ஏஜென்டிடம் ஆளுக்கு ஒரு பில், அவரவர் பானில் கேளுங்க. இல்லைன்னா ஃபிளைட்டையும் ஹோட்டலையும் தனித்தனியா நேரா புக் பண்ணுங்க. வெறும் டிக்கெட்டோ வெறும் ஹோட்டலோ மட்டும் வாங்கினா அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ் இல்லை. அங்கே போய் கிரெடிட் கார்டில் தேய்க்கிறதுக்கும் இப்போதைக்கு டிசிஎஸ் இல்லை. ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏத்தினா, வருஷத்துக்கு மொத்தம் 10 லட்சம் தாண்டினால்தான். இந்த சதவீதமும் வரம்பும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கோங்க.

ட்ரிப் முடிஞ்சதும் எனக்கு வர்ற வழக்கமான போன்: "அண்ணா, நாலு பேர் யுபிஐல மொத்தம் ஒரு லட்சம் அனுப்பியிருக்காங்க, அதுக்கு டாக்ஸ் வருமா?" வராது. நண்பர்களிடமிருந்து சும்மா வர்ற பணம் வருஷத்துக்கு 50,000 தாண்டினாத்தான் வரிக் கேள்வி. நீங்க அவங்களுக்காகச் செலவு பண்ணினதைத் திருப்பித் தர்றது சும்மா வர்ற பணம் இல்லை. ஆனா நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும். அதனால யுபிஐ குறிப்பில் "மலேசியா ட்ரிப் ஷேர்"னு எழுதச் சொல்லுங்க, கார்டு ஸ்டேட்மென்ட்டையும் செலவு ஷீட்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைங்க. "பிரியாணி", "லவ் யூ மச்சான்"னு குறிப்பு எழுதாதீங்க. நான் பார்த்திருக்கேன்.

கடன் கொடுத்தவனுக்கு இருக்கிற இன்னொரு நெருக்கடியையும் சொல்லிடுறேன். நண்பர்கள் தாமதமா தர்றாங்கன்னு கார்டில் மினிமம் ட்யூ மட்டும் கட்டினா, மாசம் 3.5 சதவீத அளவுக்கு வட்டி ஓடும். பழைய பாக்கிக்கு மட்டும் இல்லை, அன்னிக்கு நீங்க வாங்குற பால் பாக்கெட்டுக்கும் வட்டியில்லாத நாட்கள் போயிடும். அதனால பாதிக்கு மேல முன்பணமா வாங்கிட்டுத்தான் ஃபிளைட் ஏறணும். கணக்கு மூட ஒரு தேதியும் வேணும். எங்களுக்கு அடுத்த தடவை கார் திருப்பின நாளில் இருந்து 45 நாள்னு வச்சிருக்கோம், அபராதம் ஏதாவது பின்னாடி வந்தா அதுக்குள்ள வந்துடும்னு.

இப்போ நிலவரம். மதுரைக்காரனும் நானும் 7,216-ஐ திருச்சிக்காரனுக்கு அனுப்பிட்டோம். அவன் முதலில் வாங்க மாட்டேன்னான். லோனோட முன்கூட்டி அடைப்புக் கட்டணம் எவ்வளவுன்னு பார்த்துச் சொன்னேன், வாங்கிக்கிட்டு அதுல ஒரு பகுதியை அடைச்சான். ஓசூர்காரன் 7,216-ம் கொடுத்து, டிசிஎஸ் பங்கு 2,200-ஐயும் எல்லாருக்கும் அனுப்பிட்டான். கோயம்புத்தூர்காரன் மட்டும் பாக்கி. டிசிஎஸ்ஸில் வந்த 2,200-ஐ கழிச்சுக்கலாமான்னு கேட்கிறான். கழிக்க முடியாதுடா, அது உனக்கு ஏற்கனவே வந்தாச்சு. முழுசா 7,216.